கவனம் நில்லாதவன் செய்த குற்றம்: ஷரீஅத்தும் சட்டமும்



ஒரு மனிதன் செய்த காரியத்துக்காக அவனைக் குற்றவாளியென்று நிறுத்த வேண்டுமானால் அவனிடம் இரண்டு தன்மைகள் இருக்க வேண்டும் என்பது மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பாடம். அவன் பாலிஃ ஆக இருக்க வேண்டும். அதாவது பிராயம் அடைந்திருக்க வேண்டும். ஆகில் ஆக இருக்க வேண்டும். அதாவது புத்தியுள்ளவனாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் கூடியவனுக்கே முகல்லஃப் என்று பெயர். அவனுடைய நன்மை தீமைகளே ஏட்டில் எழுதப்படுகின்றன.

இந்தப் பாடம் பைத்தியக்காரன் விஷயத்தில் சுலபமானது. தெளிந்த புத்தியுள்ளவன் விஷயத்திலும் சுலபமானது. இடையில் நிற்பவன் ஒருவன் இருக்கிறானே, அவன் விஷயத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். அவன் பைத்தியம் அல்லன். தொழுகிறான், கணக்குப் போடுகிறான், நல்லது கெட்டது சொல்கிறான். ஆனால் மனம் ஓரிடத்தில் நில்லாது. கை யோசனைக்கு முந்திவிடும். இப்படிப்பட்ட பையன் ஒருவன் நம் கடையில் இருந்து, பணமும் குறைந்து, பேச்சு போலீஸ் வரை போய்விட்டால் அவனை என்னவென்று நிறுத்துவது? சில மாதங்களாகச் சகோதரர்கள் சிலர் இதையே கேட்டு வருவதால், ஓதியதையும் விசாரித்து அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நோய் என்ன என்பது

ஆங்கிலத்தில் இதை ஏ.டி.எச்.டி. என்று எழுத்துக்களால் குறிப்பிடுகிறார்கள். தமிழில் நீளமான பெயர்கள் பல வைத்திருக்கிறார்கள். நான் ‘கவனக் கோளாறு’ என்றே எழுதுகிறேன். இதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: கவனம் நில்லாமை, ஓயாத துடிப்பு, யோசியாமல் செய்துவிடும் அவசரம். சிலரிடம் மூன்றும் காணப்படும்; சிலரிடம் முதலாவது மட்டும் காணப்படும். உலக அளவில் எடுத்த ஆராய்ச்சிகளின்படி பிள்ளைகளில் ஏறக்குறைய 100க்கு 5 பேருக்கு இது இருக்கிறது. வயது வந்தபின் சிலருக்குத் தணிகிறது, பலருக்குத் தணிவதில்லை.

கடைக்காரர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. மூன்று சாமான் எடுத்து வரச் சொன்னால் ஒன்றோடு வந்து நிற்பான். வாடிக்கைக்காரர் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்லிவிடுவான். ஷட்டரைப் பூட்டுவான், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். அதே பையன் கைப்பேசியில் விளையாட்டு என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். “அதற்கு மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?” என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விதான். கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து பிடுங்கவும் உள்ள கடிவாளமே அவனுக்குத் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர்கள் பதில் சொல்கிறார்கள். மூளையின் முன்பகுதியும், டோபமைன், நோர்அட்ரினலின் என்ற இரசாயனங்களும் இதில் சம்பந்தப்பட்டவை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் இது பெரும்பாலும் வம்ச வழியில் வருவது என்று காட்டியுள்ளன. வளர்ப்புக் குற்றமென்று தாயை ஏசுவதில் நியாயமில்லை. கண்ணேறு என்று தாயத்துக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்வதிலும் பிரயோஜனமில்லை. ஓதிப் பார்ப்பது பரக்கத்தானது. ஓதியபின் டாக்டரிடமும் அழைத்துப் போக வேண்டும்.

இந்நோய்க்கும் குற்றத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் லண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அறிவு குறையாத சில பிள்ளைகள் தண்டித்தபின்னும் அதே தவற்றை உடனே செய்வதைக் கண்டு, ஒழுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலில் உள்ள குறையென்றே அவர் இதை வர்ணித்தார். அடிக்கு அஞ்சாதவன் என்று நாம் சொல்லும் பையனைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

பல நாட்டுச் சிறைகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2015இல் வெளியிட்ட ஒரு கணக்கு, சிறைவாசிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குக் கவனக் கோளாறு இருப்பதாகக் கூறுகிறது. இதைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருடைய பொருளையும் தொடாதவர்கள். சந்தையில் ஓடியாடிச் சம்பாதித்துத் தங்கள் துடிப்பையே முதலாக்கிக் கொண்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் கவனிப்பாரின்றி விடப்பட்டவன், படிப்பில் தோற்று, கூட்டாளிகளால் இழுக்கப்பட்டு, சிறை வாசலுக்குப் போகும் வழி மற்றவனைவிடக் குறுகியது என்பதை அந்தக் கணக்கு காட்டத்தான் செய்கிறது.

ஃபிக்ஹு நூல்கள் என்ன சொல்கின்றன?

தூங்குபவன் விழிக்கும் வரை, சிறுவன் பிராயமடையும் வரை, பைத்தியம் பிடித்தவன் தெளியும் வரை ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூது, திர்மிதீ முதலிய கிரந்தங்களில் வந்துள்ளது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் புத்தி பேதலித்த ஒரு பெண்ணைத் தண்டனைக்குக் கொண்டு செல்லும்போது, ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் இந்த நபிமொழியை நினைவூட்டி விடுவித்த வரலாறும் அபூதாவூதில் காணப்படுகிறது. மாஇஸ் (ரலி) அவர்கள் தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் இவருக்குப் புத்தியில் ஏதும் கோளாறு உண்டா என்று விசாரித்ததும், மது அருந்தியிருக்கிறாரா என்று சோதிக்கச் செய்ததும் யாவரும் அறிந்தவை. ஒப்புக்கொண்டவனிடத்திலும் மனநிலையை விசாரித்த பிறகே தீர்ப்பு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நம் இமாம்கள் புத்தியை இருக்கிறது, இல்லை என்று இரண்டாக மட்டும் பிரித்து நிறுத்தவில்லை. மஜ்னூன் என்பவன் முழுப் பைத்தியம். மஃதூஹ் என்பவன் அறிவு மங்கியவன். அவனை ஹனஃபி உலமாக்கள் விவரம் தெரிந்த சிறுவனுடைய ஸ்தானத்தில் வைத்தார்கள். ஸஃபீஹ் என்பவன் புத்தியுள்ளவன். ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாமல் வாரியிறைப்பவன். அத்தகையவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாமென்றும், அநாதைகளைச் சோதித்துப் பார்த்து, ருஷ்து என்னும் விவேகத்தைக் கண்டபின் அவர்கள் பொருளைக் கொடுக்குமாறும் அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்தில் கட்டளை வந்திருக்கிறது.

இந்த ஸஃபீஹுடைய சட்டத்தைத்தான் கவனக் கோளாறுக்கு மிக அருகில் உள்ளதாக நான் கருதுகிறேன். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை; ஃபத்வா கொடுக்கும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் சட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் காழி இவன்மீது ஹஜ்ரு என்னும் தடை விதிக்கலாம். இவன் செய்யும் விற்பனையும் கடனும் செல்லாது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோ 25 வயதாகிவிட்டால் அவன் பொருளை அவனிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அவர்களுடைய இரு மாணாக்கர்களும் இதில் ஆசிரியரோடு மாறுபட்டார்கள். இந்தக் கருத்து வேற்றுமை ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரத்தில் கை கட்டப்பட்ட அதே ஸஃபீஹ், ஹத்து, கிஸாஸ் குற்றங்களை ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று நம் ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. அதாவது கல்லாவின் சாவியைக் கொடுக்கத் தகாதவன் என்று ஒருவனைத் தள்ளிவைக்கலாம். அதனாலேயே அவன் செய்த குற்றத்துக்கு அவன் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. வியாபாரிகள் இதை மனத்தில் பதிக்க வேண்டும். சிறுவனோ பைத்தியக்காரனோ பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அவனுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை; ஆனால் நஷ்டஈடு அவன் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும். ளமான் என்பது இதுவே. தண்டனை வேறு, நஷ்டஈடு வேறு. “அவனுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள்” என்று வரும் தகப்பனார் பாதி சரியாகவே சொல்கிறார். உடைந்த பொருளுக்குப் பணமும் கொண்டு வந்தாரானால் முழுவதும் சரியாகும்.

கட்டுப்பாட்டில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதையும் முன்னோர் அறிந்திருந்தார்கள். இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் கோபத்தில் கொடுத்த தலாக்கைப் பற்றி எழுதும்போது கோபத்தை மூன்று படியாகப் பிரித்தார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லும் கோபம் ஒன்று. தன்னையே அறியாத வெறி ஒன்று. இரண்டுக்கும் நடுவில், தெரிந்தும் நிறுத்த முடியாத கோபம் ஒன்று. நடுப்படியில் தலாக் நிகழாது என்பது அவர்கள் கருத்து. நம் மத்ஹபின் உலமாக்கள் நிகழும் என்றே கூறுவர். முடிவு எதுவாயினும், அந்த நடுப்படியைப் பற்றி 600 ஆண்டுகளுக்கு முன்பே விவாதம் நடந்திருக்கிறது. இன்று கோர்ட்டுகளில் டாக்டர்கள் சாட்சி சொல்வதும் அந்தப் படியைப் பற்றித்தான்.

இன்னொன்று. கடைச் சிப்பந்தி கல்லாவிலிருந்து எடுப்பது ஹத்துக்குரிய திருட்டில் சேராது. காவலில் உள்ள பொருளை மறைவாக எடுப்பதே ஹத்துக்குரியது. உள்ளே வந்துபோக அனுமதி பெற்றவன் செய்வது கியானத், மோசடி. மோசடிக்காரனுக்குக் கை வெட்டில்லை என்று ஹதீஸும் உண்டு. அவனுக்குத் தஃஸீர் என்னும், காழி நிர்ணயிக்கும் தண்டனை. தஃஸீர் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சிச் சட்டங்களைப் பற்றிய தம் நூலில் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒருவனுடைய கோளாற்றை எடைபோட ஷரீஅத்தில் இடம் உண்டு. அந்த இடம், குற்றம் உண்டா இல்லையா என்ற கேள்வியில் இல்லை. தண்டனை எவ்வளவு என்ற கேள்வியில் இருக்கிறது.

நம் நாடுகளின் சட்டம்

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் குற்றவியல் சட்டத்தின் மூலம் ஒன்றே. மெக்காலே பிரபு இந்தியாவுக்காக வரைந்து, 1860இல் அங்கே நிறைவேறிய சட்டத்தைப் பார்த்தே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் சட்டம் இயற்றினார்கள். இரு நாடுகளிலும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது. 10 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு விளைவை அறியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்கப்படும்.

புத்தி சுவாதீனம் இல்லாதவனைப் பற்றியது 84ஆவது பிரிவு. 1843இல் மெக்நாட்டன் என்பவன் பிரிட்டிஷ் பிரதம மந்திரியின் காரியதரிசியைச் சுட்டுக் கொன்று, புத்தி சுவாதீனம் இல்லாதவனென்று விடுதலையானான். ஜனங்கள் கொதித்தார்கள். அதன்பின் நீதிபதிகள் வகுத்த விதியின் சாயலே இப்பிரிவில் இருக்கிறது. செய்த நேரத்தில், சித்தக் கோளாற்றினால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய இயலாதவனாக இருந்தால் அது குற்றமாகாது. இதை நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவனையே சேர்ந்தது.

கவனக் கோளாறு உள்ளவனுக்கு இந்த வாசல் திறப்பதில்லை. அவனுக்கு நல்லது கெட்டது தெரியும். தெரிந்ததைச் செய்கையில் நிறுத்திப் பிடிக்கும் பலந்தான் குறைவு. மலேசியாவின் 84ஆவது பிரிவு அறிவைப் பற்றி மட்டுமே கேட்கிறது. கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் தன் பிரிவைத் திருத்தி, தன் செய்கையைக் கட்டுப்படுத்தும் சக்தியை முற்றிலும் இழந்தவனையும் சேர்த்தது. ‘முற்றிலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கவனக் கோளாறு அவ்வளவு தூரம் போவதில்லை.

84ஆவது பிரிவில் ஜெயித்தால் பையன் அன்று மாலையே வீடு திரும்புவான் என்று சிலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் மனநிலையைப் பரிசோதிக்கக் கோர்ட்டு ஒரு மாதம் வரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். தஞ்சோங் ரம்புத்தான் என்று நாம் கேலிப் பேச்சில் சொல்லும் உலு கிந்தா பஹாகியா ஆஸ்பத்திரி 1911 முதல் இருந்து வருகிறது. அனுப்பப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. புத்தி சுவாதீனம் இல்லையென்று தீர்ப்பானால், ஆட்சியாளரின் உத்தரவுப்படி ஆஸ்பத்திரிக் காவலில் இருக்க வேண்டும். விடுதலைக்கு நாள் குறிப்பதில்லை. தந்திரமென்று எண்ணி இந்த வழியைப் பிடிப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் குறைந்த பொறுப்பு என்று ஓர் ஏற்பாடும் உண்டு. கொலை வழக்கிலும், 2013 முதல் போதைப்பொருள் கடத்தலிலும் மன இயல்பின் பிறழ்ச்சியால் பொறுப்பு கணிசமாகக் குறைந்திருந்தது என்று காட்டினால் தூக்கிலிருந்து தப்பலாம். போதைப்பொருள் வழக்கில் அவன் வெறும் சுமை தூக்கியவனாகவும் இருக்க வேண்டும். மலேசியாவின் சட்டத்தில் கொலைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. ஆயினும் 2023இல் அங்கே கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டதால், இத்தகைய குறைகளை நீதிபதி முன் எடுத்துச் சொல்ல இப்போது இடம் ஏற்பட்டிருக்கிறது.

இவ்விஷயத்தில் இரு நாட்டாரும் மறக்க முடியாத வழக்கு நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற பேராக் மாநில இளைஞருடையது. 2009 ஏப்ரலில், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார், அதில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. 15 கிராமுக்கு மேற்பட்டால் அங்கே மரண தண்டனை. அவருடைய அறிவுத்திறன் எண் 69 என்றும், அவருக்குக் கவனக் கோளாறு உண்டென்றும் கோர்ட்டில் மருத்துவச் சாட்சியம் வைக்கப்பட்டது. ஆனால் அது அவர் பொறுப்பைக் கணிசமாகக் குறைக்கவில்லை என்று ஹைகோர்ட்டு 2017இலும் அப்பீல் கோர்ட்டு 2019இலும் முடிவு செய்தன. அவர் செய்ததை அறிந்தே செய்தார், ஆபத்தையும் ஆதாயத்தையும் எடைபோட்டார் என்பது கோர்ட்டின் கருத்து. சோதனையைத் தடுப்பதற்காகத் தாம் பாதுகாவல் வேலையில் இருப்பவர் என்று அதிகாரிகளிடம் அவர் சொன்னதையும் கோர்ட்டு கணக்கில் எடுத்தது. உலகின் பல பக்கங்களிலிருந்தும் கருணை கேட்டார்கள். 2022 ஏப்ரல் 27ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

அத்தண்டனை நியாயமா என்பதில் நம்மவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. அவ்வளவு சிறிய அறிவுத்திறன் உள்ளவனுக்குக் கயிறு அதிகம் என்றே என் உள்ளம் சொல்கிறது. ஆனால் கோர்ட்டு எதைப் பார்க்கிறது என்பதை இவ்வழக்கு தெளிவாக்கிவிட்டது. நோயின் பெயரைச் சொன்னால் போதாது. அந்த நோய் அந்தக் காரியத்தை அந்த நேரத்தில் எப்படிச் செய்வித்தது என்று காட்ட வேண்டும். மறைத்தல், காத்திருத்தல், கணக்கிடுதல் ஆகியவை தென்பட்டால் நோய் பின்னே தள்ளப்படும்.

கடையில் மூன்று மஸ்அலா

இனி நம் கடைக்கு வருவோம். மூன்று பையன்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் கவனக் கோளாறு உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவன் கல்லாவில் இருக்கிறான். இரவில் கணக்குப் பார்த்தால் ஒரு நாள் 40 ரிங்கிட் குறைகிறது. மற்றொரு நாள் 25 ரிங்கிட் கூடுகிறது. சகோதரர்களே, குறைவதை மட்டும் பார்த்துப் போலீஸுக்குப் போகிறவர் கூடுவதையும் பார்க்கட்டும். திருடுகிறவன் கல்லாவில் பணம் கூடாது. பாக்கி கொடுக்க மறப்பவன், இரட்டிப்பாகக் கொடுப்பவன், ரசீது போட மறந்து பணத்தை வாங்கிப் போடுபவன் கல்லாவில்தான் இரண்டும் நடக்கும். சிப்பந்தி செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 408ஆவது பிரிவு. மலேசியாவில் அதன் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். சிங்கப்பூரில் 15 ஆண்டு வரை சிறை. ஆனால் அப்பிரிவுக்கு உயிர்நாடி நேர்மையற்ற எண்ணம். தவறான ஆதாயமோ தவறான நஷ்டமோ உண்டாக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். மறதியில் அந்த நிய்யத் இல்லை. கவனக் கோளாறு குற்றவியலில் மிகவும் உபயோகப்படும் இடம் இதுவே என்பேன். புத்தி கெட்டவன் என்று மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. திருடும் எண்ணமே இருக்கவில்லை என்பதற்கு அது விளக்கமாகிறது.

ஃபிக்ஹிலும் சம்பளக்காரனுடைய கை அமானத்துக் கை. அவன் வரம்பு மீறினாலன்றி, அசட்டை செய்தாலன்றி, நஷ்டஈடு அவன்மீது வராது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றாலும் நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். சிங்கப்பூரில் அவனை விசாரித்து, விளக்கம் சொல்ல இடம் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். ஒரு மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. மலேசியாவிலும் 1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் பிடித்தங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. இவனை கல்லாவிலிருந்து எடுத்துச் சாமான் இறக்கும் இடத்திலோ வாடிக்கைக்காரர்களோடு பேசும் இடத்திலோ போடுவதே ஹஜ்ருடைய ஹிக்மத்துக்குப் பொருந்தும்.

இரண்டாமவன் முன்கோபி. வாடிக்கைக்காரன் ஒருவன் தாயைச் சேர்த்து ஏசிவிட்டான். இவன் கையிலிருந்த போத்தலை வீசிவிட்டான். நெற்றியில் இரத்தம். இவன் குற்றவாளிதான். அடித்தால் வலிக்கும் என்பதும் தவறு என்பதும் தெரிந்தவன். ஆனால் திட்டமில்லை, காத்திருப்பு இல்லை. மூட்டிவிட்டவனும் எதிரே நிற்கிறான். திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டப்பட்டுச் செய்த காயத்துக்குச் சட்டத்திலேயே குறைந்த தண்டனை உண்டு. அதன்மேல், நோய்க்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை டாக்டர் விளக்கி எழுதினால் தண்டனை குறைய வழியுண்டு. சிங்கப்பூரில், சிறைக்குப் பதிலாகக் கட்டாயச் சிகிச்சை உத்தரவு கொடுக்கும் முறை 2011 முதல் நடந்து வருகிறது. நோய் சிகிச்சைக்கு வசப்படுவதாக இருக்க வேண்டும், ஆள் அதற்கு ஏற்றவனாக இருக்க வேண்டும், குற்றத்துக்கு அந்நோயும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று மூன்றையும் நியமிக்கப்பட்ட மனநல வைத்தியர் எழுதித்தர வேண்டும். பெருங்குற்றங்களுக்கு இது கிடையாது. காயம்பட்டவனுடைய வைத்தியச் செலவு எப்படியும் இவன் தலையில்.

மூன்றாமவன் மூன்று மாதமாகச் சிறுகச் சிறுக எடுத்திருக்கிறான். விற்ற சாமானின் ரசீதை ரத்து செய்து, காமிராவுக்கு முதுகு காட்டி நின்று, கணக்குப் புத்தகத்தையும் சரிக்கட்டியிருக்கிறான். இவனுக்காக நோயைக் கொண்டுபோய் நிறுத்தினால் கோர்ட்டில் எடுபடாது, எடுபடவும் கூடாது. அவசரக்காரன் 90 நாள் பொறுமையாகத் திருடியதை எந்த டாக்டரும் அவசரம் என்று எழுத மாட்டார். ஒன்று மட்டும் விசாரிக்கத் தகும். பணம் எங்கே போயிற்று? கைப்பேசிச் சூதாட்டத்திலோ ஆலோங் கடனிலோ என்றால், அந்தச் சேற்றில் காலை வைத்ததற்கு அவன் அவசர புத்தி காரணமாயிருக்கலாம். அது தண்டனையை அதிகம் குறைக்காவிட்டாலும், வெளியே வந்தபின் அவனைக் காப்பாற்ற உதவும்.

மூவரையும் ஒரே தராசில் நிறுத்தி, ஒருவனை அடித்துத் துரத்துவதும், ஒருவனை மருமகப் பிள்ளை என்று மூடி மறைப்பதுமாகவே நம்மவர் பலர் நடந்துகொள்கிறார்கள். போலீஸில் புகார் கொடுத்துவிட்டால், பின்னர் மனம் இளகி நீங்களே வாபஸ் வாங்கிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். வழக்கை நடத்துவதா விடுவதா என்பது அரசாங்க வழக்குரைஞரைச் சேர்ந்தது. ஆகவே எவன் முதலாமவன், எவன் மூன்றாமவன் என்பதைப் புகாருக்கு முன்னே பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியது கல்லாக் கணக்கின் நாள்வாரிப் பதிவு; கூடியதும் குறைந்ததும் இரண்டும் எழுதிய பதிவு.

பிடிபட்ட பையனுக்கும் ஒரு வார்த்தை. இத்தகையவன் விசாரணை அறையிலிருந்து சீக்கிரம் வெளியேறினால் போதுமென்று, படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவான். கேள்வி முடியுமுன் ஆம் என்றும் சொல்லிவிடுவான். மலேசியாவில் கைதானவனுக்கு வசதியில்லையானால் தேசிய சட்ட உதவி அறவாரியம் வக்கீல் தரும். சிங்கப்பூரில் பொதுத் தற்காப்பாளர் அலுவலகம் 2022 முதல் இயங்குகிறது. 18 வயதுக்குட்பட்டவனை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவரை உடன் இருத்தும் ஏற்பாடும் அங்கே உண்டு. நோய் இருப்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். தண்டனை விழப்போகும் நாளில் எடுத்துவரும் டாக்டர் கடிதத்தை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சிகிச்சையைப் பற்றிப் பயம் வேண்டாம். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1950களிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தானபடியால் டாக்டர் சீட்டின்றி வாங்கவோ, ஒருவன் மாத்திரையை மற்றவனுக்குக் கொடுக்கவோ கூடாது. சுவீடன் நாட்டில் கவனக் கோளாறு உள்ள 25,000க்கும் அதிகமானோரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே மனிதன் மருந்து உண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், உண்ட காலத்தில் குற்றங்கள் ஆண்களிடம் 32 சதவீதமும் பெண்களிடம் 41 சதவீதமும் குறைந்திருந்தன. நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஏறக்குறைய 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன. ஸஹர் நேரத்தில் உட்கொள்ளலாமா என்பதை அவனுடைய டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதம் அவசியம். இக்கோளாறு 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருந்தால்தான் டாக்டர்கள் அப்பெயரை எழுதுவார்கள். 20 வயதில் புதிதாக முளைத்ததை ஏற்க மாட்டார்கள். 20 வயதுப் பையனின் சிறுவயதுக்குச் சாட்சி யார்? தகப்பனார் கடையில் இருந்தார், அவருக்குத் தெரியாது. தாயார் சொல்வதைப் பிள்ளைப்பாசம் என்பார்கள். ஆரம்பப் பள்ளியின் ரிப்போர்ட்டுக் கார்டில், ‘இடத்தில் உட்காருவதில்லை’, ‘வேலையை முடிப்பதில்லை’, ‘புத்திசாலி, கவனம் போதாது’ என்று ஆசிரியர் வருஷா வருஷம் எழுதியிருப்பாரே, அது பேசும். வீடு மாறும்போது பழைய கார்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஊரில் படித்த பையனானால், ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அலமாரியைத் தேடச் சொல்லுங்கள்.